டெங்கு ஊசிக்கு ஏன் இத்தனை இழுபறி?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குப் புகையடிக்க வந்த அன்று, பக்கத்து வீட்டு மாமி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே கேட்டார்: "தம்பி, கொரோனாவுக்கு ஒரு வருசத்துக்குள்ள ஊசி வந்திட்டுது. டெங்கு எத்தினை வருசமா இருக்கு, அதுக்கு ஏன் இன்னும் போடேல்லை?"

"பிறகு சொல்லுறன் மாமி" என்று அப்போது தப்பிவிட்டேன்.

கொரோனாக் கதை சுருக்கமானது. 2020 ஜனவரியில் வைரசின் மரபணு வரிசை வெளியானது. டிசம்பரில் பிரிட்டனில் ஊசி போடத் தொடங்கிவிட்டார்கள். எம்ஆர்என்ஏ நுட்பம் பல ஆண்டு உழைப்பில் ஏற்கெனவே தயாராக இருந்தது, காசும் கொட்டியது. டெங்குவுக்கு அப்படிக் கொட்டாது. வெப்பநாட்டுக் காய்ச்சலுக்குச் செலவழிக்கப் பணக்கார நாடுகளுக்கு என்ன அவசரம்? ஆனாலும் காசு மட்டும் சிக்கலில்லை.

டெங்கு வைரசில் நான்கு வகை. ஒன்று வந்து மாறினால் அந்த வகை பெரும்பாலும் திரும்ப வராது. மற்ற மூன்றுக்கும் கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்கள்தான். அப்புறம் வேறொரு வகை தொற்றும்போது காய்ச்சல் முதல் தடவையைவிட மோசமாகலாம். நோயெதிர்ப்பு பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு நேர்மாறு.

கிருமியைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதம்தான் பிறபொருளெதிரி. அது கெற்றப்போல் கட்டை மாதிரி இருக்கும். இரண்டு கிளைகளும் வைரசைப் பிடிக்கும், காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சில வெண்குழியங்களின் மேற்பரப்பில் அந்தக் காம்பைப் பற்றுவதற்கென்றே கொளுவிகள் உண்டு. பற்றியதும் உள்ளே இழுத்து, அமிலம் ஊறும் ஒரு பைக்குள் போட்டுக் கரைத்துவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் முதலில் வந்த வகைக்கென்று உருவான பிறபொருளெதிரி, அடுத்து வரும் வகையில் சரியாகப் பொருந்தாது. வைரசின் மேலுறையில் ஒரே புரதம் 180 தடவை அடுக்கப்பட்டிருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொற்றிக்கொண்டால் வைரசு செயலிழக்காது. காம்பு மட்டும் வழக்கம்போல வெண்குழியத்தை அழைக்கும். டெங்கு வைரசு குடியேறிப் பெருக விரும்புவதே அந்த வெண்குழியத்துக்குள்தான்! உள்ளே ஊறும் அமிலம் அதற்குத் திறப்பு: அமிலம் பட்டதும் மேலுறைப் புரதம் மடிப்பு மாறி, பையின் சுவரோடு ஒட்டி, மரபணுவை வெளியே தள்ளிவிடும். தொடர்மாடிக் காவலாளி கள்ளனிடம் கையெழுத்து வாங்கி, லிஃப்டில் ஏற்றி, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டதுபோல.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அளவு விளையாட்டு. பிறபொருளெதிரி நிறைய இருந்தால் வைரசு மூழ்கிவிடும். அறவே இல்லாவிட்டால் இந்தக் கதவே திறக்காது. இடைப்பட்ட அளவுதான் ஆபத்து. ஆய்வுகூடத்தில் வைரசைத் தடுத்த அதே சீரத்தை, அதாவது பிறபொருளெதிரி உள்ள இரத்தத் தெளிநீரை, ஐதாக்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது வைரசுக்கு உதவத் தொடங்கிவிடும். பாங்கொக்கில் டெங்கு ஆய்வாளர் ஸ்கொட் ஹால்ஸ்டெட் கவனித்த குழந்தைகளும் இதைத்தான் காட்டின: தாயிடமிருந்து வந்த பிறபொருளெதிரி பிறந்த புதிதில் காக்கும், அது குறையும் மாதங்களில், முதல் தொற்றே கடுமையாகிவிடும்.

ஆகவே ஊசி நான்கு வகைக்கும் ஒரேயடியாக, வலுவாகப் பாதுகாப்புத் தரவேண்டும். ஒன்றில் தளர்ந்தால் ஊசியே முதல் தொற்றின் வேலையைச் செய்துவிடும். பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்வாக்ஸியா என்ற டெங்கு ஊசியைப் போட்டார்கள். முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் தயாரிப்பு நிறுவனமான சனோஃபியே அறிவித்தது. திட்டம் நின்றது. அடுத்து வந்த கியூடெங்காவை, தொற்று அதிகமுள்ள இடங்களில் 6 முதல் 16 வயதினருக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. அதிலும், டெங்குவே வராத பிள்ளைகளுக்கு மூன்றாம், நான்காம் வகைகளில் எவ்வளவு பாதுகாப்பு என்பது தெளிவில்லை.

அதே 2017இல் இலங்கையில் சுமார் 186,000 பேருக்கு டெங்கு. எங்கள் ஒழுங்கைப் பப்பாசி மரத்தில் அப்போது ஒரு இலை மிஞ்சவில்லை. இலைச்சாறு குடித்தால், டெங்குவில் குறையும் பிளேட்லெட் (இரத்தத்தை உறையவைக்கும் துணுக்குகள்) ஏறுமென்று நம்பிக்கை. காய்ச்சல் மாறும்போது அது தானாகவே ஏறும். பெயர் மட்டும் இலைச்சாற்றுக்கு. அதை அரைத்த நேரத்தில் பீலியில் தேங்கிய தண்ணீரைக் கொட்டியிருக்கலாம்.

மாமிக்கும் அந்த ஆண்டுதான் வந்தது. அப்போது பெரிதாகப் பரவியது இரண்டாம் வகை. மற்ற மூன்றும் பாக்கி என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாளைக்கு அவர் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் மூடியைப் பார்க்க நானும் மேலே ஏறுவதாக இருக்கிறேன்.