மூடிய கிணறும் மூச்சு விடும்

சென்னையில் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் பழைய வீடு வாங்குபவர்கள் பலர், பத்திரத்தின் சொத்து விவரத்தில்தான் கிணற்றை முதலில் பார்க்கிறார்கள். தோட்டத்தில் அது இருக்காது. குழாய்த் தண்ணீரும் போர்வெல்லும் வந்தபிறகு, குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது, கொசு சேரக் கூடாது என்று மேலே கான்கிரீட் பலகை போட்டு, மண் பரப்பி, செம்பருத்தி நட்டிருப்பார்கள்.

தேடலை வடகிழக்கில், அதாவது ஈசானிய மூலையில் தொடங்கலாம். வாஸ்து பலிக்கிறதோ இல்லையோ, தோண்டியவர்கள் அதை நம்பித்தான் தோண்டினார்கள். துவைக்கிற கல் கிடக்கும் இடமும், தரையில் முட்டிக்கொண்டு நிற்கும் துருப்பிடித்த பழைய மோட்டார் பைப்பும் நல்ல துப்பு. பலகை போட்டு மூடிய இடத்தில் மேல்மண் மெல்லியதாக இருப்பதால், வெயில் காலத்தில் அங்கேதான் புல் முதலில் காயும். கட்டட இடிபாடு கொட்டித் தூர்த்திருந்தால் கதை வேறு: ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி வட்டமாகப் பள்ளம் விழும். சந்தேகப்படும் இடத்தில், சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, கடப்பாரையால் தட்டிப் பார்த்தால் கூடாக இருப்பது சத்தத்திலேயே தெரியும்.

கருவிகளும் உண்டு. களிமண்ணில் இரும்பு ஆக்சைடுகள் இருக்கின்றன. செங்கல் சூளையின் சூட்டில் அவை பழைய காந்தத்தன்மையை இழந்து, ஆறும்போது பூமியின் காந்தப்புலம் இருக்கும் திசையில் புதிதாகக் காந்தமாகின்றன. அதனால் கிணற்றின் செங்கல் சுவர் சுற்றியுள்ள மண்ணிலிருந்து வேறுபட்டுத் தெரியும். புதைந்த சுவர்களையும் சூளைகளையும் தேட, தொல்லியலாளர்கள் காந்தமானியைப் பயன்படுத்துவது இதனால்தான். ஆனால் நகரத்து வீட்டில் இரும்பு கேட், கார், சுவருக்குள் கம்பி எல்லாம் சேர்ந்து அளவீட்டைக் குழப்பிவிடும். தரை ஊடுருவும் ரேடார் கடற்கரையோரத்து உலர்ந்த மணலில் நன்றாக வேலை செய்யும். ஈரக் களிமண்ணும் உப்புத் தண்ணீரும் அதன் அலைகளை விழுங்கிவிடும். என்னைக் கேட்டால், முதலில் கடப்பாரை, அப்புறம் ரேடார்.

இடம் தெரிந்துவிட்டது, சரி. உடனே பலகைமேல் ஏறி நின்று உடைக்கக் கூடாது. அதன் அடிப்பக்கம் எப்போதும் கிணற்றின் ஈரத்தில் இருந்திருக்கும். கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைச் செதில் செதிலாக உதிர்த்திருக்கும். மேலே வழவழவென்று இருப்பதை நம்ப முடியாது.

பெரிய ஆபத்து காற்றில் இருக்கிறது. உள்ளே விழுந்த இலையும் நுழைந்த வேரும் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோய், கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. காற்றோட்டம் இல்லாத குழியில் அடியிலேயே தங்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 10 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆள் மயங்கிவிடுவார். அரிக்கேன் விளக்கை இறக்கி, அணைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். ஆக்சிஜன் 16 சதவீதத்துக்கு வரும்போதே தீபம் அணைந்துவிடும் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் விளக்கு எரிகிறது என்பதற்காக ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு இல்லை என்று ஆகாது. மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு வழி செய்துவிடும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணின் துளைகளிலும் காற்று இருக்கிறது. வெளியே காற்றழுத்தம் ஏறினால் கிணற்றுக் காற்று மண்ணுக்குள் போகும். அழுத்தம் இறங்கினால் மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜன் குறைந்த காற்று கிணற்றுக்குள் வரும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் சரியாக இருந்த கிணறு மாலையில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. காற்றூதி (புளோயர்) வைத்துக் காற்றை மாற்றி, வாயுமானியால் அடிவரை சோதித்து, ஆள் உள்ளே இருக்கும் நேரம் முழுக்கச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் விழுந்ததும் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி, இருவரும் சாவது நம் ஊர்ச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இடுப்பில் கயிறு கட்டி, மேலிருந்து தூக்க ஆள் நிறுத்தாமல் யாரையும் இறக்கக் கூடாது.

தூர் வாருவதற்கு முன் தண்ணீரை இறைக்க வேண்டும், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். உள்ளே இருக்கும் தண்ணீர், சுவராக அடுக்கிய வளையங்களான உறைகளை வெளிப்பக்கம் தள்ளுகிறது. வெளியே மண்ணில் இருக்கும் தண்ணீர் உள்பக்கம் தள்ளுகிறது. சட்டென்று காலி செய்தால் வெளி அழுத்தம் மட்டுமே மிஞ்சும். மணல் பூமியில் தண்ணீர் அடியிலிருந்து வேகமாக மேலே ஏறி, மணலைக் கொதிக்கும் கஞ்சிபோல் கிளப்பும். தாங்க மணல் இல்லாமல் உறைகள் சாய்ந்துவிடும். ஆகவே கொஞ்சம் இறைத்து, நிறுத்தி, மறுபடி இறைக்க வேண்டும். அடியில் படிந்த சேற்றை வாரியதும் ஊற்று திறக்கும். மட்டம் முதலில் வேகமாக ஏறி, போகப்போக மெதுவாகும். உள்ளும் புறமும் உள்ள வித்தியாசம் குறைந்துகொண்டே வருவதுதான் காரணம்.

முதல் வாளித் தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால், தண்ணீர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம்; ஆனால் அது அதே ஹைட்ரஜன் சல்பைடுதான், கிணற்றுக்குள் காற்றைச் சோதிப்பதை விட்டுவிடக் கூடாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாவின் வேலை அது. தெளிவாக வந்த தண்ணீர் சற்று நேரத்தில் வாளியிலேயே பழுப்பாவதும் உண்டு. கரைந்திருந்த இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. கிணறு திறந்து, புழக்கத்துக்கு வந்தால் இரண்டும் பெரும்பாலும் குறையும்.

வாரி முடித்ததும் ஒருமுறை பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகப் போட்டு, ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட வேண்டும். அதன்பிறகு வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 4 அடி விட்டக் கிணற்றில் 10 அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 3,500 லிட்டர். 9 கிராம் போதும். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்தபின் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்க வேண்டும். குடிப்பதென்றால் ஆய்வகத்தில் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா) சோதனையும் அவசியம்.

நெல்லிக்கட்டை போட்டால் உப்புத் தண்ணீர் இனிக்கும் என்பார்கள். அது தண்ணீரில் லேசில் உளுக்காத மரம், அவ்வளவுதான். கரைந்த உப்பை எந்தக் கட்டையும் எடுத்துவிடாது. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு அது உப்பைத் தள்ளி வைக்கும். மேலே 1 அடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறும். ஆழத்தில் உறிஞ்சும் போர்வெல்லைவிட, மேல்தண்ணீரை மட்டும் எடுக்கும் கிணறு இங்கே பாதுகாப்பானது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டர் கிடைக்கும். முதல் மழையின் அழுக்கை வெளியே விட்டு, மீதியை ஜல்லியும் மணலும் போட்ட தொட்டி வழியாகக் கிணற்றில் இறக்கலாம்.