எட்டாவது கிளாசில் ஏமாந்த நாக்கு

பீர் ஆலையில் தரப் பரிசோதனை என் வேலை. அவ்வப்போது போட்டிகளில் நடுவராகவும் உட்காருவேன். அப்படி ஒரு போட்டியில் எனக்கு டபுள் ஐபிஏ வரிசை வந்தது. கசப்பும் வாசனையும் தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பீரின் இன்னும் வீரியமான வகை அது. எட்டாவது கிளாசுக்கு, "மிருதுவாக இருக்கிறது, ஆல்கஹாலின் சூடே தெரியவில்லை" என்று எழுதி, தாராளமாக மதிப்பெண்ணும் போட்டேன். பக்கத்தில் இருந்த இரண்டு நடுவர்களும் அதே பீருக்கு "தொண்டை எரிகிறது" என்று எழுதியிருந்தார்கள். தண்ணீர் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். எரியத்தான் செய்தது.

அவர்களுடைய கிளாஸ்களில் பாதிக்கு மேல் பீர் மிச்சம் இருந்தது. என்னுடையவை எல்லாம் காலி.

அன்றைக்கு நான் குடித்த கணக்கு இது. ஒரு கிளாசில் 75 மி.லி., எட்டு கிளாஸுக்கு 600 மி.லி. எல்லாம் சராசரியாக 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 48 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 38 கிராம். அமெரிக்காவில் 14 கிராமை ஒரு 'டிரிங்க்' என்று கணக்கிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் இரண்டரைக்கும் மேல். சின்னச் சின்னக் கிளாஸ்தானே என்று நினைத்து உள்ளே போனது அவ்வளவு. கேன் விஷயமும் அப்படித்தான். 330 மி.லி. கேன் 5 சதவீதமாக இருந்தால் 13 கிராம், அதே அளவு கேன் 8 சதவீதமாக இருந்தால் 21 கிராம். கையில் எடுத்தால் இரண்டும் ஒரே கனம்தான்.

இந்த வகை பீர் ஆளை ஏமாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. 1994-இல் கலிஃபோர்னியாவில் வின்னி சிலுர்சோ என்ற பீர் தயாரிப்பாளர் காய்ச்சியதுதான் முதல் டபுள் ஐபிஏ என்று பரவலாகச் சொல்வார்கள். பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூவான ஹாப்ஸை அள்ளிப் போட்டால் கசப்பு தூக்கலாகிவிடும். அதைத் தாங்க மால்ட்டையும், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தையும், கூட்ட வேண்டும். மால்ட் கூடினால் ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை கூடும், ஆல்கஹாலும் ஏறும். பீர் நடுவர்களுக்குச் சான்று தரும் பிஜேசிபி அமைப்பின் விதிகளில் இந்த வகைக்கு 7.5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹாலுக்கு இடம் உண்டு. ஆனாலும் குடிக்கும்போது அது சுருக்கென்று குத்தக் கூடாது. பழ வாசனைக்கும் கசப்புக்கும் பின்னால் மறைந்திருக்க வேண்டும். நன்றாகக் காய்ச்சிய பீருக்கு அதுதான் அடையாளம். குடிப்பவருக்கு அதுதான் கண்ணி.

சரி, அப்படியானால் எப்படிச் சுவைப்பது? முதலில் மூக்கு. ஹாப்ஸின் எண்ணெய்கள் சட்டென்று பறந்துபோகும். அதனால் ஊற்றிய உடனே, நுரை அடங்கும் முன், ஒரு சுழற்று சுழற்றி முகர்ந்துவிட வேண்டும். ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் பிசின், ஈரப் புல் என்று மனதில் முதலில் தோன்றுவதை எழுதிவிடுங்கள். யோசித்து எழுதுவது பெரும்பாலும் கற்பனையாகிவிடும். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: கசப்பு இருக்கும், மாம்பழம் காணாமல் போயிருக்கும். விரலை எடுத்ததும் திரும்பி வரும். பிஜேசிபி மதிப்பெண் தாளில் மொத்தம் 50-இல் வாசனைக்கு 12, சுவைக்கு 20. அந்த 20-லும் மூக்குக்குப் பெரும் பங்கு. தோற்றத்துக்கு வெறும் 3. கலங்கலாக இருக்கிறதே என்று முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். இன்னொன்று, ஐஸ் போலக் குளிர்ந்த பீரை எடைபோட முடியாது. கொஞ்சம் குளிர் விட்டதும்தான் வாசனையும் குறைகளும் வெளியே வரும்.

கசப்பில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். லேபிளில் ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு) 90 என்று போட்டிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது; மால்ட்டின் இனிப்பு அதை விழுங்கியிருக்கலாம். நான் பார்ப்பது கசப்பு எப்படி முடிகிறது என்பதைத்தான். விழுங்கிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுவேன். அதற்குள் சுத்தமாக இறங்கி, இன்னொரு வாய்க்கு நாக்கு தயாராக இருந்தால் நல்லது. மாத்திரை வாயிலேயே கரைந்துபோன மாதிரி அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றால் மதிப்பெண் குறையும். எரிச்சலிலும் இரண்டு வகை உண்டு. ஊறப்போட்ட ஹாப்ஸின் துகள் மிச்சம் இருந்தால் தொண்டையைப் பிறாண்டும். துவர்ப்பும் கூட வரும். ஆல்கஹாலின் சூடு பிறாண்டாது, நெஞ்சு வரைக்கும் வெதுவெதுப்பாக இறங்கும். அந்த எட்டாவது கிளாசில் நான் கோட்டைவிட்டது இந்த இரண்டாவதை.

குறைகளில் நான் அதிகம் பார்ப்பது பழசாகிப் போவது. ஆக்சிஜன் பட்டால் ஹாப்ஸ் வாசனை மங்கி, நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் தேன் இனிப்பும் தலைகாட்டும். அதனால் தேதி பார்க்காமல் கேனைத் திறக்காதீர்கள். விற்கும் இடத்தில் குளிரில் வைத்திருந்தார்களா என்றும் பாருங்கள். வெண்ணெய் வாசனை வந்தால், பிற்பாடு போட்ட ஹாப்ஸ் மறுபடி புளிக்கவைத்துவிட்டது என்று சந்தேகப்படுவேன். பச்சைப் பாட்டிலில் வெளிச்சம் பட்ட பீரின் நாற்றத்தை விவரிக்கவே வேண்டாம், ஒரு தடவை முகர்ந்தால் மறக்காது.

ஒயின் நடுவர்கள் துப்புவார்கள், பீர் நடுவர்கள் விழுங்குவார்கள் என்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். கசப்பு அடிநாக்கில் மட்டும்தான் தெரியும் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு காரணம். அது சரியில்லை, நாக்கு முழுக்கத் தெரியும். முடிவையும் சூட்டையும் பார்க்க ஒரு மிடறு விழுங்கினால் போதும், மற்றதைத் துப்பிவிடலாம். தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கல்லீரலில் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் அந்த ஒரு மிடறையும் தவிர்த்துவிட வேண்டும். இவ்வளவு ஆல்கஹால் வரை ஆபத்தே இல்லை என்று எந்த அளவையும் சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. பீரை விற்கும் தொழிலில் இருக்கும் எனக்கு இதை எழுதக் கொஞ்சம் சங்கடம்தான்.

இப்போதெல்லாம் மதிப்பெண் தாளின் ஓரத்தில், விழுங்கிய மி.லி. என்று நானே ஒரு கட்டம் போட்டுக்கொள்கிறேன். போன தடவை ஒன்பது மாதிரிகள், மொத்தம் 190. அன்றைக்கும் வண்டியை நான் ஓட்டவில்லை.