வைஃபை காட் எரிஞ்சிட்டு எண்டு சொன்னா உடனே நம்பாதீங்க

2025 ஒக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் சப்போர்ட்ட நிப்பாட்டினதுக்குப் பிறகு திருகோணமலையில எங்கட கடைக்கு வாற பழைய லெப்டொப்கள் கூடிட்டு. விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்கக் காசில்ல, அப்ப யாராவது ஒரு பொடியன் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எண்ட இலவச சிஸ்டத்தப் போட்டுக் குடுத்திடுவான், போட்டதும் மெஷின் நல்லா ஓடும், ஆனா வைஃபை மட்டும் காட்டாது. அதுக்குப் பிறகுதான் "காட் எரிஞ்சிட்டு, புதுசு போடணும்" எண்ட கதை தொடங்குது.

கின்னியாவில இருந்து ஒரு மிஸ் இப்பிடித்தான் கொண்டு வந்தவ. "தம்பி, காட் போயிட்டாம், கொழும்பில இருந்து எடுப்பிக்கணுமாம்" எண்டா. "விண்டோஸ் இருக்கேக்க வேலை செஞ்சதா மிஸ்?" எண்டு கேட்டன். "ஓம், மின்ட் போடுற நாள் வரைக்கும் செஞ்சதே." அப்ப காட் எப்பிடி எரியும், சொல்லுங்க பாப்பம்?

டெர்மினலத் (கமாண்ட் அடிக்கிற ஜன்னல்) திறந்து எல்எஸ்பிசிஐ எண்ட கமாண்ட கே ஒப்ஷனோட (lspci -k) ஓடவிடுங்க, யுஎஸ்பியில செருகிற டொங்கிள் எண்டா எல்எஸ்யுஎஸ்பி (lsusb). அந்த லிஸ்டில உங்கட காட்டின்ட பேர் வந்தா (எல்எஸ்பிசிஐல நெட்வேர்க் கொன்ட்ரோலர் எண்டு வரும்) காட் உயிரோடதான் இருக்கு. எல்எஸ்பிசிஐல அதுக்குக் கீழ "கேர்னல் டிரைவர் இன் யூஸ்" எண்ட வரி இல்லையெண்டா டிரைவர் ஏறயில்ல, அவ்வளவுதான் (கேர்னல் எண்டா லினக்ஸின்ட மூல புரோகிராம், டிரைவர் எண்டா காட்டோட பேசுற புரோகிராம்). அந்த வரி இருந்தும் வைஃபை வராட்டி பெரும்பாலும் ஃபேர்ம்வேர் ஃபைல் (காட்டுக்குள்ள ஏத்துற சின்ன புரோகிராம்) காணாமப் போயிருக்கும், கேர்னல் எழுதி வைக்கிற லொக்கில அது வடிவா எழுதியிருக்கும். இல்லாட்டி ஆர்எஃப்கில் லிஸ்ட் (rfkill list) எண்டு அடிச்சு வைஃபை பூட்டியிருக்கா எண்டு பாருங்க, சொஃப்ட் புளொக் (சொஃப்ட்வேரால பூட்டினது) எண்டா ஒரு கமாண்டில எடுக்கலாம், ஹார்ட் புளொக் (சுவிட்சால பூட்டினது) எண்டா லெப்டொப் விளிம்பில இருக்கிற குட்டி சுவிட்ச பாருங்க, பிள்ளையள் தட்டி விட்டிருக்குங்கள்.

பெட்டியில என்ன மொடல் எண்டு எழுதியிருக்கு எண்டது முக்கியமில்ல, உள்ளுக்க என்ன சிப் எண்டதுதான் முக்கியம். டிபி-லிங்க் டபிள்யுஎன்722என் எண்ட டொங்கிள்ள முதல் வேர்ஷன்ல அதெரோஸ் சிப், செருகின உடனே ஓடும், ரெண்டாம் வேர்ஷன்ல இருந்து ரியல்டெக். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்டு மாதிரித்தான் கிடக்கும். இன்டெல் காட்டுக்கு ஃபேர்ம்வேர் இருந்தா வேற ஒண்டும் தேவையில்ல. பழைய டெல், எச்பியளில வாற புரோட்கொம்தான் தலையிடி. அதில கனதுக்கு புரோட்கொம்மின்ட சொந்த டிரைவர் வேணும், மின்ட்ல டிரைவர் மனேஜரத் திறந்தா அதுவே காட்டித் தரும்.

டிரைவர் இறக்க நெட் வேணும், நெட்டுக்கு டிரைவர் வேணும், இதிலதான் கனபேர் களைச்சுப் போய் விட்டிடுறாங்க. அன்ட்ரொயிட் போன கேபிளால லெப்டொப்பில செருகி, போன்ல யுஎஸ்பி டெதரிங்க (போன்ட நெட்ட கேபிளால குடுக்கிறது) ஓன் பண்ணுங்க, லினக்ஸ் அத வயர் நெட்வேர்க் மாதிரி எடுத்துக்கொள்ளும், போன் வீட்டு ரவுட்டர் வைஃபையில இருந்தாக்கூட சரி, டேட்டா வெட்டத் தேவையில்ல. புரோட்கொம் எண்டா மின்ட் போட்ட அதே பென் டிரைவையே திரும்பச் செருகினாலும் டிரைவர் அதுக்குள்ள இருக்கு. டெபியன் (இன்னொரு லினக்ஸ்) போடுறவங்க 2023ல வந்த 12ம் வேர்ஷனுக்கு முந்தின பழைய ஐஎஸ்ஓவ (இன்ஸ்டோல் பண்ணுற ஃபைல்) வச்சு மல்லுக்கட்டாதீங்க, 12ல இருந்துதான் இன்ஸ்டோலருக்குள்ளயே ஃபேர்ம்வேர் வருது.

இப்ப எனக்குக் கோபம் வாற இடம். கிட்ஹப் எண்ட, ஆரும் கோட் போடக்கூடிய சைட்டில ஆரோ போட்ட ரியல்டெக் டிரைவர, என்ன ஏதெண்டு வாசிக்காம சூடோ போட்டு ஓடவிடுறது. சூடோ எண்டா முழு மெஷினையும் அந்த ஸ்கிரிப்ட்டிட கையில குடுக்கிறீங்க, பாங்க் பாஸ்வேர்டும் அதே மெஷின்லதானே அடிக்கிறீங்க? ரியல்டெக்கில கன சிப்புக்கு இப்ப கேர்னலுக்குள்ளயே டிரைவர் இருக்கு, 8821சிஇ எண்ட சிப்புக்கு கேர்னல் 5.9ல இருந்தே இருக்கு, அப்ப முதல்ல கேர்னல அப்டேட் பண்ணிப் பாருங்க. அதுக்கும் சரிவராட்டி டிஸ்ட்ரோட (நீங்க போட்ட லினக்ஸின்ட) சொந்த ரெப்போவில (பக்கேஜ் களஞ்சியத்தில) இருக்கிற டிகேஎம்எஸ் பக்கேஜ எடுங்க, அது கேர்னல் மாறேக்க டிரைவரத் தானாவே திரும்பக் கட்டும். டிகேஎம்எஸ் இல்லாம கையால கொம்பைல் பண்ணினா அடுத்த கேர்னல் அப்டேட்டோட வைஃபை போயிடும், திரும்பவும் "காட் எரிஞ்சிட்டு".

செக்யூர் பூட் (கையெழுத்தில்லாத டிரைவர ஏற விடாத பாதுகாப்பு) ஓன்ல இருந்தா இன்னொரு வில்லங்கம். டிரைவர் போடேக்க ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், ரீஸ்டார்ட் பண்ணினதும் நீலத் திரை ஒண்டு வந்து பத்து செக்கனுக்குள்ள ஏதாவது கீய அமத்தச் சொல்லும். அந்த நேரம் தேத்தண்ணி குடிக்கப் போனா அது தன்ட பாட்டில பூட் ஆகிடும், டிரைவர் போட்டும் ஏறாது. அந்த நீலத் திரையில என்ரோல் மொக் (Enroll MOK) எண்டதத் தெரிவு செய்து அதே பாஸ்வேர்டக் குடுக்கணும். விண்டோஸும் லினக்ஸும் ரெண்டும் வச்சிருக்கிறவங்க விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப ஓஃப் பண்ணுங்க, அது சில காட்ட முழுசா விடுவிக்காமப் படுக்க வச்சிடும்.

காட் லிஸ்டிலயே வராட்டி பயோஸ்ல (விண்டோஸ், லினக்ஸ் ஏற முதல் வாற செட்டிங்) டிசேபிள் ஆகியிருக்கா எண்டு பாருங்க, அதுவும் இல்லாட்டித்தான் மூடியக் கழட்டணும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோரத்தில இருந்து வாற மெஷின்கள்ள காட்டின்ட பித்தளை நிறக் கால்கள்ல பச்சை பூத்திருக்கும், ஐசோபுரோப்பைல் அல்கஹோலால துடைச்சுத் திருப்பிச் செருகினா கனதரம் உயிர் வந்திடும். உண்மையிலயே செத்திருந்தா மட்டும் புதுசு வாங்குங்க. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில எடுப்பிக்கிறதெண்டா எம்.2 ஸ்லொட் (காட் செருகுற ஒரு வகை இடம்) இருக்கிற லெப்டொப்புக்கு இன்டெல் ஏஎக்ஸ்210 எண்டு நம்பரோட எழுதிக் குடுத்து விடுங்க. ஏஎக்ஸ்211 எண்டு மாறி வந்தா அது அதுக்கெண்டு செஞ்ச இன்டெல் போர்டில மட்டும்தான் ஓடும். பழைய எச்பி, லெனோவோ சிலதில பயோஸே வேற காட்ட ஏத்துக்கொள்ளாது, அப்பிடியானதுக்கு யுஎஸ்பி டொங்கிள்தான் வழி.