அட்டை இல்லாதவருக்கும் உண்டு: மறதிநோயாளரின் சட்ட உரிமைகள்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயை வரையறுக்கும்போதே நினைவாற்றலையும் இடம், காலம் அறியும் திறனையும் குலைத்து அன்றாட வாழ்வைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறையும் அதில் சேர்த்திருக்கிறது. டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் முற்றியவர்கள் இதன் வரம்புக்குள் வருகிறார்கள். கடலூர் மாவட்டத்தில் கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பகுதி இருளர் பழங்குடிக் குடும்பங்கள் முதலில் அறிய வேண்டியது 18ஆம் பிரிவு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர், அதற்கான அட்டை கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் மனநலச் சிகிச்சை இடங்களில் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம் என்றும், சாதி, மதம், பண்பாடு காரணமாக எவரையும் வேறுபடுத்தக் கூடாது என்றும் அது கூறுகிறது. சாதிச் சான்று வரட்டும் என்று முதியவரை வீட்டிலேயே வைத்திருக்கத் தேவையில்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைதான் சற்றுச் சிக்கலானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் மறதிநோய் தனியாக இல்லை. மனநோய் என்ற தலைப்பிலேயே மதிப்பிடப்படுகிறது. தன்னைப் பராமரித்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கையும் நோயின் கால அளவையும் கேட்டறிந்து மருத்துவர் மதிப்பெண் இடுவார். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு தேவை. “வயசாயிடுச்சு, மறதிதான்” என்று வீட்டார் முடித்துக்கொண்டால் மதிப்பெண் எங்கிருந்து வரும்? உப்பங்கழியில் கையால் தடவி இறால் பிடித்துப் பறிக்கூடையில் போட்டுவந்த மூதாட்டி, இன்று நீர் ஏறுவதை உணராமல் நின்றுவிடுகிறார், குளித்த பிறகும் ஈரச்சேலையை மாற்றத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று நடப்பதை நடந்தபடியே சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமே பார்க்காதவரின் நினைவைத் தேதி கேட்டும் கணக்குக் கேட்டும் மட்டும் அளப்பது சரியன்று என்பதால், வீட்டார் சொல்லும் இத்தகைய விவரங்களுக்கே எடை அதிகம்.

தைராய்டு குறைவு, பி12 சத்துக்குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவை பெரும்பாலும் சரிசெய்யக் கூடியவை என்பதால் மருத்துவப் பரிசோதனையே முதற்படி. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையையும் புதுச்சேரியில் ஜிப்மரையும் இதற்காக அணுகலாம். புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி என்றாலும் மேற்சொன்ன இரண்டும் மத்தியச் சட்டங்களே என்பதால் அங்கும் செல்லும்.

நோயின் தொடக்கத்திலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. தம் சிகிச்சை குறித்து முடிவெடுக்கத் துணைநிற்கும் பிரதிநிதியை, வெள்ளைத்தாளில் எழுதிக் கைநாட்டு வைத்தே ஒருவர் நியமிக்கலாம். இந்த நியமனம் மனநலச் சிகிச்சைக்கு மட்டுமே. சொத்து விவகாரங்களுக்குச் செல்லாது. ஐயங்களை 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை) எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.