‘மீட்டமை’ என்றால் ரீசெட் இல்லை

சித்தி கைப்பேசியில் ஒரு ஆல்பத்தைத் தெரியாமல் அழித்துவிட்டார். அதைத் திரும்பக் கொண்டுவர அமைப்புகளுக்குள் போய்த் தேடியிருக்கிறார். ‘மீட்டமை’ என்று ஒரு வரி கண்ணில் பட்டதும் அமுக்கிவிட்டார். ‘எல்லாத் தரவும் அழிக்கப்படும்’ என்று எச்சரிக்கையும் வந்திருக்கிறது. “அழிச்சிட்டு, பழையபடி எடுத்து வைக்கும்னு நினைச்சேன்ப்பா” என்றார். மிச்சமிருந்த படங்களும் போய்விட்டன.

சித்தி படித்ததில் ஒரு பிழையும் இல்லை. தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். கைப்பேசியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட்டுக்கு அதைக் கொண்டுபோய் வைத்ததுதான் பிழை.

வேர் ‘மீள்’. மீள்கிறேன் என்றால் நானே திரும்பி வருகிறேன். மீட்கிறேன் என்றால் இன்னொன்றைத் திரும்பக் கொண்டுவருகிறேன். பகைவர் கவர்ந்துபோன ஆநிரையைத் திரும்ப ஓட்டி வருவதைக் கரந்தை என்று புறத்திணையில் படித்திருக்கிறோம். அங்கே வினை ‘மீட்டல்’. அடகு வைத்த நகைக்கும் அதே வினைதான். கையைவிட்டுப் போனது எதுவோ, அதுவே திரும்பக் கைக்கு வரவேண்டும். (வீணையை மீட்டுவது வேறு வினை. மாடுகளை மீட்டான், வீணையை மீட்டினான்.)

தரவு தொலைந்தால் உதவட்டும் என்று முன்கூட்டியே எடுத்துவைக்கும் பேக்கப்புக்குக் ‘காப்புநகல்’ நன்றாகவே நிலைத்துவிட்டது. நகல் அரபியிலிருந்து வந்த சொல், ‘காப்புப்படி’ என்று சொல்லுங்கள் என்பவர்கள் உண்டு. படி அருமையான சொல்தான், ஆனால் ஏறும் படி, அளக்கும் படி, பயணப்படி என்று அதற்கு ஏற்கெனவே சுமை அதிகம். நகல் எல்லாருக்கும் புரிகிறது, இருக்கட்டும். ‘மறுபிரதி’ மட்டும் வேண்டாம். எந்த நகலும் மறுபிரதிதான்; காக்கிறது என்ற செய்தி அதில் இல்லை.

அந்தக் காப்புநகலிலிருந்து கோப்பை எடுத்து அதன் இடத்தில் வைப்பது ரெஸ்டோர். ‘மீட்டமை’ இதற்கென்றே பிறந்த சொல்: மீட்டு, அமை. வாரம் ஒருமுறை முழு வட்டையும் நகலெடுத்து, மற்ற நாட்களில் அன்றன்று மாறியதை மட்டும் நகலெடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வட்டு கெட்டால் முதலில் முழு நகலை ஏற்ற வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நாளின் மாற்றத்தையும் வரிசை பிசகாமல் அதன்மேல் ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்தடுத்த நாட்களை நம்ப முடியாது. மீட்பதோடு வேலை முடிவதில்லை, அமைக்கவும் வேண்டியிருக்கிறது.

ரெகவர் வேறு. நகலே இல்லாதபோது செய்வது அது. கோப்பை அழித்தால், பெரும்பாலும் ‘இந்த இடம் காலி’ என்று குறிப்பு மட்டுமே மாறுகிறது. வேறொன்று மேலே எழுதப்படும்வரை உள்ளடக்கம் வட்டில் கிடக்கும். அதைத் துழாவி வெளியே எடுப்பதற்கு ‘மீட்டெடு’ பொருத்தம். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி வட்டுகளில், ‘இந்த இடம் இனி வேண்டாம், துடைத்துவிடலாம்’ என்று வட்டுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை அனுப்பப்பட்டுவிட்டால் அதற்கும் வழி அனேகமாக அடைபட்டுவிடும்.

இனி ரீசெட். ‘தொடக்க நிலையை மீட்கிறதே, அதனால் மீட்டமை சரிதானே’ என்று வாதிடுகிறார்கள். யார் எப்போது தொடக்க நிலையைத் தொலைத்தார்கள்? தொலைத்தது படங்களை, தொடர்பு எண்களை, கணக்குகளை. அவற்றைத் துடைத்தெறியும் பொத்தானுக்கு, அவற்றைத் திருப்பித் தருவேன் என்று சொல்லும் பெயரா?

‘கடவுச்சொல்லை மீட்டமை’ இன்னும் மோசம். ஒழுங்காகக் கட்டிய எந்தத் தளமும் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருப்பதில்லை. அதிலிருந்து, பின்னோக்கிப் போக முடியாதபடி கணக்கிட்ட ஹேஷ் என்ற குறியீடு மட்டுமே அங்கே இருக்கும். பழைய கடவுச்சொல்லை எடுத்துத் தர அவர்களாலேயே முடியாது, நீங்கள் புதிதாக ஒன்று வைக்கத்தான் முடியும். ‘கடவுச்சொல்லை மாற்று’ என்றால் போதுமே!

‘மீளமை’ என்று சிலர் பரிந்துரைக்கிறார்கள். மீண்டும் அமை என்று பொருள் வருகிறது, இலக்கணமும் சரி. ஆனால் மீட்டமைக்குப் பக்கத்தில் மீளமையை வைத்துப் பாருங்கள். பதற்றத்தில் இருக்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘அழித்துத் தொடங்கு’ என்று வெளிப்படையாகப் போடலாம். அமைப்புகள் மட்டும் மாறுமென்றால் ‘தொடக்கநிலையாக்கு’. நீளம் என்பார்கள், பொத்தானைக் கொஞ்சம் அகலமாக்கட்டும்.

‘தரவு மீட்சி’யும் இடறுகிறது. மீட்சி, தானே மீள்வது. நோயிலிருந்து மீட்சி பெறலாம். தரவு தானாக எழுந்து வராது. ஒருவர் உட்கார்ந்து மீட்கிறார், ஆகவே தரவு மீட்பு.

மொழிபெயர்ப்பாளர்களிடம் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்கள் அடங்கிய ஒரு அட்டவணையைத்தான் தருகிறார்கள். திரை கண்முன் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘ரீ’ என்று தொடங்கினால் கை தானாக ‘மீ’ போட்டுவிடுகிறது. தெரியும், நானும் செய்கிற வேலை அது. ஆனாலும் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி கேட்கலாமே.

போன மாதம் ஒரு கட்டற்ற மென்பொருளின் தமிழ்க் கோப்பில் ரீசெட் வந்த இடத்திலெல்லாம் மீட்டமையை எடுத்துவிட்டு அனுப்பினேன். ‘எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கிறது, சீராக இருக்கட்டும்’ என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி அனுப்பியிருக்கிறேன், இந்த முறை சித்திக்கு நடந்ததையும் எழுதி.