அக்லோனிமா கட்டிங் ஏன் அழுகுகிறது?

அக்லோனிமா வீட்டில் இலை அழகுக்காக வளர்க்கும் செடி, அதன் தண்டை வெட்டி நட்டு வேர்விட வைப்பதுதான் கட்டிங். மழைக்காலம் தொடங்கிவிட்டால் நர்சரிக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான். "அண்ணா, அக்லோனிமா வெட்டி வச்சேன், அடி கொழகொழன்னு ஆயிடுச்சு, என்ன மருந்து போடட்டும்?" கேட்பவர் ஏற்கெனவே ஏதோ ஒரு பூஞ்சாணக்கொல்லியை வாங்கி இரண்டு தடவை அடித்துமிருப்பார்.

முதலில் அந்த அடித்தண்டை முகர்ந்து பாருங்கள். நாற்றமடித்து, அழுத்தினால் தண்ணீராகக் கசிந்தால் அது பெரும்பாலும் எர்வினியா வகை பாக்டீரியா அழுகல், அதற்கு கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லிப் பொடியைக் கிலோக்கணக்கில் கொட்டினாலும் ஒன்றும் நடக்காது. செடியையும் மண்ணையும் சேர்த்து வெளியே போட்டுவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். நாற்றமில்லாமல் பழுப்பாகக் காய்ந்தாற்போல் அழுகியிருந்தால் சரி, உள்சதை சுத்தமாக வெளுத்துத் தெரிகிற இடம் வரை மேலேறி வெட்டிப் பார்க்கலாம், அங்கே பூஞ்சாணக்கொல்லிக்கு வேலை உண்டு.

இந்த பாக்டீரியா பல வீடுகளில் பிளேடு வழியாகத்தான் பரவுகிறது. ஒரு செடியில் லேசாகத் தொற்று இருக்கும், வெளியே தெரியாது, அதை வெட்டிய அதே பிளேடால் வரிசையாக அடுத்த நாலு செடியையும் வெட்டிவிட்டு, கடைசியில் பிளேடை அழகாகக் கழுவி வைப்பார்கள். கடைசியில் கழுவி என்ன பிரயோஜனம்? மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒவ்வொரு செடிக்கும் நடுவில் துடைக்க வேண்டும். மொக்கைக் கத்தரி வேண்டாம், தண்டை நசுக்கும், நசுங்கிய இடம்தான் முதலில் அழுகும்.

நுனித்தண்டு என்றால் நாலைந்து அங்குலம், மூன்று நான்கு இலை போதும். வெட்டியதும் மண்ணில் செருகாமல், நிழலில் சில மணி நேரம் வைத்து வெட்டுவாய் உலர்ந்த பிறகு நடுங்கள். மீதி இருக்கும் மொட்டைத் தண்டைத் தூக்கிப் போடுகிறார்கள், பாவம். இரண்டு மூன்று கணு வருகிற மாதிரி துண்டு போட்டு, கழுவிய கோகோபீட்டில் (தென்னை நார்த்தூள்) பாதி புதையப் படுக்கவையுங்கள், தளிர் வர மாதக்கணக்கில் ஆகும், ஆனால் வரும்.

கணு இல்லாத வெறும் இலையைத் தண்ணீரில் போட்டுக் காத்திருக்காதீர்கள். இலையிலிருந்து செடி வருவது ஜீஜீ பிளான்ட்டிலும் சான்சிவேரியாவிலும் நடக்கும், அக்லோனிமாவில் நடக்காது. அப்புறம் ஆன்லைனில் 'சிவப்பு அக்லோனிமா விதை' என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். இப்போது கிடைக்கும் சிவப்பு ரகங்கள் எல்லாம் கலப்பினங்கள். 1980-களில் இந்தோனேசியாவின் தாவரக் கலப்பின வல்லுநர் கிரெகோரி ஹம்பாலி 'பிரைட் ஆஃப் சுமத்ரா' (Pride of Sumatra) என்ற சிவப்பு ரகத்தை உருவாக்கிய பிறகுதான் இந்த வரிசையே கிளம்பியது. கலப்பினத்தின் விதையில் தாயின் நிறம் அப்படியே வராது, அதோடு அக்லோனிமா விதை காய்ந்தால் முளைப்புத்திறனும் போய்விடும், அதைப் பொட்டலம் கட்டி எப்படி விற்பது?

வெட்டும்போது கையுறை போடுங்கள். சேனையும் சேம்பும் இதன் சொந்தக்காரர்கள்தான், அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இதன் சாற்றிலும் உண்டு. கை அரிப்பதோடு போனால் பரவாயில்லை, அதே கையால் கண்ணைத் தேய்த்தால் எரிச்சல் தாங்காது. வெட்டிய துண்டுகளைக் குழந்தைகளோ நாய் பூனையோ கடிக்கிற இடத்தில் விட்டு வைக்காதீர்கள், வாயும் நாக்கும் வீங்கும்.

நிழல் விரும்பி என்றதும் இருட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். வெளிச்சமுள்ள நிழல் வேண்டும், 75 சதவீத வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலைக்கு அடியில் இருப்பது போல. மார்கழி, தை குளிரில் கட்டிங் போடாதீர்கள், 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ந்த செடியே சுணங்கும்.

வேர் பிடிக்க நாலு முதல் ஆறு வாரம். நடுவில் பிடுங்கிப் பார்க்க வேண்டாம், லேசாக இழுத்தால் எதிர்த்து நிற்கிறதா என்று பார்த்தால் போதும். புது இலை சுருள் விரியும் வரை உரம் கிடையாது. தொட்டியும் 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், பெரிய தொட்டியில் அந்தச் சின்ன வேர் உறிஞ்சாத தண்ணீரெல்லாம் அடியிலேயே தேங்கி நிற்கும்.