கூத்துக்காரருக்கு என்னென்ன உண்டு, எங்கே கேட்பது?

திருநெல்வேலிப் பக்கம் கணியான் கூத்தில் மகுடம் என்னும் தோல் கருவியை அடிப்பவருக்குக் கொடை எனப்படும் கோயில் திருவிழாக்களை நம்பித்தான் பிழைப்பு. கொடைக் காலத்தில் ராத்தூக்கம் கிடையாது. அது முடிந்தால் மகுடம் சுவரில் தொங்கும், அவர் கூலி வேலைக்குப் போவார். வடக்கே தெருக்கூத்து வாத்தியாருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். இவர்களுக்கென்று அரசிடம் சில திட்டங்கள் இருக்கின்றன. கூத்து நடக்கும் ஊர்களில்தான் அந்தப் பேச்சு அதிகம் காதில் விழுவதில்லை.

முதலில் வாங்க வேண்டியது நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை. 2007-இல் அமைந்த வாரியம் இது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வருகிறது. 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். ‘வயசான பிறகு பார்த்துக்கலாம்’ என்று விட்டவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், மகப்பேறு, மூக்குக் கண்ணாடி, விபத்து, இறப்பு ஆகியவற்றுக்கு வாரியம் உதவித்தொகை தருகிறது. பெரிய தொகைகள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் கலைஞர் என்று அரசே எழுதிக் கொடுக்கும் காகிதம் அந்த அட்டைதான். அரசுப் பேருந்தில் பறையையோ தவிலையோ கட்டணமில்லாமல் ஏற்றிச் செல்லவும் அது கைகொடுக்கும்.

அடுத்தது இசைக்கருவிக்கான உதவி. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் 500 நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தலா 10,000 ரூபாய் தருகிறது. கருவி வாங்கலாம், ஆடை அணிகலன் வாங்கலாம். கூத்துக்காரர் என்றால் கிரீடத்துக்கும் தோளில் கட்டும் புஜக்கட்டைக்கும் ஆகும். மாநிலம் முழுவதற்கும் 500 பேர் என்பது சொற்பம். அதனால் விண்ணப்பம் கேட்டு அறிவிப்பு வந்ததும் போட்டுவிட வேண்டும்.

வயதாகி நலிந்த நிலையில் இருக்கும் கலைஞர்களுக்கு இதே மன்றத்தின் வழியாக மாதம் 3,000 ரூபாய் கிடைக்கிறது. ஒன்றிய அரசின் கலாச்சார அமைச்சகமும் 60 வயது தாண்டிய, ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத மூத்த கலைஞர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் வரை தருகிறது. ஆடி ஓய்ந்த பிறகு கிடைக்கும் பணம் இது. மேற்கு வங்கத்தில் 2014-இல் வந்த லோக்பிரசார் பிரகல்பா திட்டத்தில், ஆடிக்கொண்டிருக்கும் வயதிலேயே மாதம் 1,000 ரூபாய் உண்டு. நம் ஊரிலும் கலைஞருக்கு இடுப்பில் தெம்பு இருக்கும்போதே ஏதாவது கொடுத்தால் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, சிக்கல் எங்கே? கலைஞர் என்று காட்டும் சான்றில்தான். கச்சேரி வித்வானிடம் அழைப்பிதழ், பாராட்டுப் பத்திரம் எல்லாம் கோப்பு கோப்பாக இருக்கும். வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு விடிய விடிய ஆடிவிட்டு வருபவரிடம் என்ன இருக்கும்? முப்பது வருடம் ஆடியவர் ஒரு துண்டுக் காகிதம் காட்ட முடியாமல் திரும்புவது இதனால்தான். ஆகவே கொடை நோட்டீசைத் தூக்கிப் போடாதீர்கள். வேஷத்தோடு எடுத்த படங்களைத் தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். விழாக் குழுவிடம் லெட்டர்பேடில் நாலு வரி எழுதி வாங்குங்கள்.

மாவட்டக் கலை மன்றத்தின் விருதுகளும் நல்ல சான்று. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி என்று வயதுப்படி பிரித்துக் கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் விசாரிக்கச் சென்னைக்கு அலைய வேண்டாம். காஞ்சிபுரம், சேலம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, கோவை, திருநெல்வேலி ஆகிய ஏழு ஊர்களிலும் மண்டலக் கலை பண்பாட்டு மையம் இருக்கிறது.

செட்டு, அதாவது கூத்துக் குழு, அதன் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. நோட்டீசில் தலைமைப் பாடகரான அண்ணாவியின் பெயரை வைத்து ‘அண்ணாவி இன்னார் குழுவினர்’ என்று மட்டும் அச்சடித்தால், பக்கத்தில் நின்று மகுடம் அடித்தவருக்கும் வேஷம் கட்டி ஆடியவருக்கும் அது சான்றாகாது. அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போது அவர்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள்.